அரசின் பணமும் சமயத்தின் பள்ளியும்: டிரினிடாடின் கல்விச் செலவு வரலாறு

முன்னுரை

வெனிசுவேலாவின் கரைக்கு எதிரே கரிபியன் கடலில் அமைந்துள்ள டிரினிடாடு – டொபாகோ குடியரசு பரப்பளவில் ஏறத்தாழ 5,100 சதுர கிலோமீட்டரும் மக்கள்தொகையில் ஏறத்தாழ 14 இலட்சமும் கொண்ட சிறு நாடு. அதன் மக்களில் பெரும் பகுதியினர் இருவகை மரபினர். ஒருசாரார் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழிவந்தோர். மற்றொரு சாரார் 1845 முதல் 1917 வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியோரின் வழிவந்தோர். அந்த எழுபத்திரண்டு ஆண்டுகளில் வந்திறங்கிய இந்தியர் 1,43,000க்கு மேற்பட்டோர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் கல்கத்தாத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டவர்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து வந்த தமிழரும் தெலுங்கரும் சிறுபான்மையினர். 'மதராசி' என்ற பொதுப்பெயரால் அழைக்கப்பட்டவர்கள்.

இத்தீவில் அரசு கல்விக்குச் செலவிட்ட வரலாறு, எவ்வளவு தொகை செலவிடப்பட்டது என்ற கேள்வியோடு முடிவதில்லை. அத்தொகை யார் கை வழியாகப் பள்ளியைச் சென்றடைந்தது என்பதே அவ்வரலாற்றின் மையக் கேள்வியாகும். பணம் அரசினுடையது, பள்ளி சமய அமைப்பினுடையது என்னும் ஏற்பாடு 1870இல் சட்டமாகி, 1960இல் உடன்படிக்கையாக உறுதிபெற்று, இன்றளவும் நிலைத்திருக்கிறது. இவ்வேற்பாடு எவ்வாறு உருவாயிற்று, அதனால் பயன்பெற்றோர் யாவர், புறத்தே நின்றோர் யாவர் என்பனவற்றை ஆராய்வதும், அப்பின்புலத்தில் டிரினிடாடுத் தமிழரின் மொழி அடைந்த கதியை விளங்கிக்கொள்வதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

ஹாரிஸ் பிரபுவின் வட்டாரப் பள்ளிகள்

அடிமைமுறை 1834இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக விதிக்கப்பட்ட பயிற்சித் தொழிலாளர் முறையும் 1838இல் நீங்கிற்று. விடுதலை பெற்றோரின் பிள்ளைகளுக்குக் கல்வியளிக்கப் பிரித்தானிய நாடாளுமன்றம் 1835 முதல் மேற்கிந்தியத் தீவுகள் அனைத்துக்குமாக ஒரு மானியம் வழங்கி வந்தது. அது பெரிதும் கிறித்தவச் சமயப் பணி அமைப்புகளின் வழியாகவே சென்றது. 1845இல் அம்மானியம் நின்றது. அதே ஆண்டு மே 30ஆம் நாள் 'ஃபட்டேல் ரசாக்' என்னும் கப்பல் முதல் இந்தியக் கூலிகளை போர்ட் ஆஃப் ஸ்பெயின் துறைமுகத்தில் இறக்கியது. கல்விக்கான வெளிநிதி வற்றிய ஆண்டும், கல்வி தேவைப்படும் புதிய மக்கள் வந்த ஆண்டும் ஒன்றாக அமைந்தன.

1846இல் ஆளுநராகப் பொறுப்பேற்ற மூன்றாம் ஹாரிஸ் பிரபு, ஸ்ரீரங்கப்பட்டணத்தை 1799இல் வீழ்த்திய படைத்தலைவர் ஜார்ஜ் ஹாரிஸின் பேரர். அவர் தீவை வட்டாரங்களாகப் பிரித்து, நிலவரியாகத் திரட்டப்படும் வட்டார நிதியைச் சாலைக்கும் பள்ளிக்கும் செலவிடும் ஏற்பாட்டை வகுத்தார். 1851இல் தொடங்கிய வட்டாரப் பள்ளிகளில் கட்டணம் இல்லை, பாட நேரத்தில் சமயப் போதனை இல்லை, பயிற்றுமொழி ஆங்கிலம். ஆசிரியர்களை உருவாக்கப் பயிற்சிப் பள்ளி ஒன்றும் நிறுவப்பட்டது. பிரெஞ்சுப் பேச்சுவழக்கும் ஸ்பானியமும் வழங்கிய, கத்தோலிக்கர் மிகுந்த ஒரு தீவில் எல்லாச் சமயத்தாரின் பிள்ளைகளையும் ஒரே கூரையின்கீழ் அமர்த்தி ஒரு சமுதாயத்தை உருவாக்கலாம் என்பது அவருடைய நம்பிக்கை.

ஹாரிஸ் பிரபு 1854இல் டிரினிடாடை விட்டுச் சென்று சென்னை மாகாணத்தின் ஆளுநரானார். அவ்வாண்டு ஜூலையில் வெளியான சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கை, தனியார் பள்ளிகளுக்கும் சமயப் பணியாளர் பள்ளிகளுக்கும் அரசு உதவித்தொகை வழங்கும் முறையை இந்தியாவில் புகுத்தியது. டிரினிடாடில் சமய அமைப்புகளை விலக்கிப் பள்ளிகளை நிறுவிய அதே ஆளுநரின் ஆட்சியில்தான் சென்னையில் 'அரசு உதவி பெறும் பள்ளி' என்னும் முறை வேரூன்றியது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகமும் தோன்றியது. டிரினிடாடில் அவர் விட்டுச்சென்ற ஏற்பாடோ நீடிக்கவில்லை. பதினாறு ஆண்டுகளுக்குப் பின் அத்தீவும் சென்னையைப் போலவே உதவித்தொகை முறைக்குத் திரும்பிற்று.

புறக்கணிக்கப்பட்ட கால் நூற்றாண்டு

வட்டாரப் பள்ளிகளின் கதவு சட்டப்படி இந்தியப் பிள்ளைகளுக்கும் திறந்தே இருந்தது. எனினும் அவர்கள் நுழையவில்லை. காரணங்கள் பல. கூலிகளின் குடியிருப்புகள் கரும்புத் தோட்டங்களுக்குள் இருந்தன. பள்ளிகளோ வெளியே இருந்தன. சிறுவர்கள் களையெடுக்கும் கூட்டங்களில் சேர்ந்து சிறுகூலி ஈட்டினர். ஆசிரியருக்கு அவர்களது மொழி தெரியாது. அவர்களுக்கு ஆசிரியரின் மொழி தெரியாது. ஒப்பந்தம் முடிந்ததும் ஊர் திரும்புவோம் என்ற எண்ணம் பெற்றோரிடம் இருந்தது. திரும்பிப் போகிறவர்களுக்குப் பள்ளி எதற்கு என்ற எண்ணம் தோட்ட முதலாளிகளிடமும் அதிகாரிகளிடமும் இருந்தது.

இங்கு அரசின் வரவுசெலவைச் சற்றே நோக்குதல் தகும். கூலிகளைக் கப்பலேற்றி அழைத்துவரும் செலவில் பெரும்பகுதியைத் தோட்ட முதலாளிகள் ஏற்றனர். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தீவின் பொது வருவாயிலிருந்து கொடுக்கப்பட்டது. இறக்குமதிப் பண்டங்களின் மீதான தீர்வை வழியாக அவ்வருவாய்க்குப் பங்களித்தவர்களுள் விடுதலை பெற்ற கறுப்பினத்தாரும் கூலி இந்தியரும் அடங்குவர். ஆக, தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கப் பொதுப்பணம் தயங்காமல் செலவிடப்பட்டது. வந்தவர்களின் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பொறுப்பு எந்தத் துறையின் கணக்கிலும் இடம்பெறவில்லை.

பிரித்தானியக் குடியேற்ற அலுவலகம் அயர்லாந்தின் கல்வி ஆய்வாளர் பேட்ரிக் கீனனை டிரினிடாடுக்கு அனுப்பி 1869இல் அறிக்கை பெற்றது. வட்டாரப் பள்ளிகளில் பிள்ளைகள் பொருள் விளங்காமல் ஆங்கிலத்தை ஒப்புவிப்பதையும், வீட்டுமொழி வழியே கற்பிக்கும் முயற்சி இல்லாமையையும் அவர் சுட்டிக்காட்டினார். தம் விருப்பத்தால் அயல்நாட்டுக்கு வந்து அந்நாட்டைத் தம் உழைப்பால் வளப்படுத்திய மக்கள் இருபத்து நான்கு ஆண்டுகளாக இந்த அளவுக்குப் புறக்கணிக்கப்பட்டதற்கு வேறு சான்று தமக்குத் தோன்றவில்லை என்னும் பொருள்பட இந்தியரைப் பற்றி எழுதினார். அப்போது தீவின் மக்களில் நான்கில் ஒரு பங்கினர் இந்தியர் என்பதை நினைவிற்கொண்டால் அக்கூற்றின் கனம் விளங்கும்.

ஆர்தர் கார்டன் ஆளுநராக இருந்த காலத்தில் நிறைவேறிய 1870ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் கீனனின் பரிந்துரைகளை அடியொற்றியது. வட்டாரப் பள்ளிகள் அரசுப் பள்ளிகளாகத் தொடர்ந்தன. அவற்றோடு சமய அமைப்புகள் நடத்தும் பள்ளிகளும் அரசு உதவி பெறத் தகுதி பெற்றன. 1875இல் உதவியின் அளவும் விதிகளும் சமய அமைப்புகளுக்குச் சாதகமாகத் திருத்தப்பட்டபின் அப்பள்ளிகள் பெருகின. டிரினிடாடின் கல்விக்கு இரட்டைத் தன்மை இவ்வாறே ஏற்பட்டது. இதே கார்டன் 1869 முதல் ஊர் திரும்பும் உரிமையை விட்டுக்கொடுத்த இந்தியருக்கு நிலம் வழங்கும் திட்டத்தையும் தொடங்கினார். நிலம் பெற்றவர்கள் கிராமங்களை அமைத்தனர். கிராமம் அமைந்ததும் பள்ளியின் தேவை எழுந்தது.

கனடா நாட்டுச் சமயப் பணியும் அரசு உதவியும்

கனடாவின் நோவா ஸ்கோஷியாவைச் சேர்ந்த பிரெஸ்பிட்டேரியன் போதகர் ஜான் மார்ட்டன் 1868 ஜனவரியில் டிரினிடாடு வந்து, தெற்கே இயெரே கிராமத்தில் தங்கினார். மூன்று பிள்ளைகளோடு தொடங்கிய அவரது பள்ளியே இந்தியருக்கென அத்தீவில் நிலைபெற்ற கல்விப் பணியின் தொடக்கம். 1870இல் வந்த கென்னத் கிராண்ட் சான் ஃபெர்னாண்டோ நகரில் பணியாற்றினார். இருவரும் இந்துஸ்தானி கற்றனர். பள்ளிகளில் ஆங்கிலத்தோடு இந்தியும் கற்பித்தனர். செலவில் ஒரு பங்கு கனடாத் திருச்சபையிடமிருந்தும், ஒரு பங்கு தோட்ட முதலாளிகளிடமிருந்தும், ஒரு பங்கு அரசிடமிருந்தும் வந்தது. காலப்போக்கில் அரசின் பங்கே பெரிதாயிற்று.

பெண்களுக்கும் ஆண்களுக்கும் உயர்நிலைப் பள்ளிகள், ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி என இப்பணி விரிந்தது. நபரிமா கல்லூரியும் 1912இல் தோன்றிய நபரிமா பெண்கள் உயர்நிலைப் பள்ளியும் இன்றும் நாட்டின் முன்னணிப் பள்ளிகளுள் வைத்து எண்ணப்படுகின்றன. பிரெஸ்பிட்டேரியன் திருச்சபை இன்று நடத்தும் தொடக்கப் பள்ளிகள் 72. அரசு செய்யத் தவறியதை இவ்வமைப்பு செய்தது என்பதில் ஐயமில்லை. இந்திய மரபினரில் முதல் தலைமுறை ஆசிரியர், எழுத்தர், வழக்கறிஞர், மருத்துவர் ஆகியோரில் பலர் இப்பள்ளிகளின் விளைச்சலே.

ஆயினும் இவ்வுதவிக்கு ஒரு விலை இருந்தது. ஆசிரியரின் ஊதியத்தைப் பெருமளவு அரசு கொடுத்தாலும், ஆசிரியரைத் தெரிந்தெடுக்கும் உரிமை திருச்சபையிடம் இருந்தது. எனவே பொதுப்பணத்திலிருந்து ஊதியம் பெறும் அப்பணி, நடைமுறையில் பெரும்பாலும் கிறித்தவத்தைத் தழுவியவர்க்கே கிட்டியது. படித்த இந்து இளைஞன் ஆசிரியனாக வேண்டுமெனில் சமயம் மாற வேண்டும் என்ற நிலை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நீடித்தது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால் சமயம் போய்விடுமோ என்ற அச்சத்தால் பல இந்து, முஸ்லிம் பெற்றோர்கள், குறிப்பாகப் பெண்பிள்ளைகளின் பெற்றோர்கள், பள்ளியையே தவிர்த்தனர். 1946ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்போது டிரினிடாடு இந்தியருள் ஏறத்தாழப் பாதிப்பேர் எழுத்தறிவற்றவர்களாக இருந்தனர். ஏனைய மக்களிடையே இவ்விகிதம் மிகக் குறைவு. முதல் கப்பல் வந்து நூறாண்டு கழிந்த பின் இருந்த நிலை இது.

இடைநிலைக் கல்வியின் குறுகிய வாயில்

தொடக்கக் கல்வியை இவ்வாறு பகிர்ந்தளித்த அரசு, இடைநிலைக் கல்வியை மிகச் சிலருக்கே வைத்திருந்தது. 1859இல் தோன்றி 1870இல் 'குவீன்ஸ் ராயல் கல்லூரி' எனப் பெயர்பெற்ற அரசுப் பள்ளியும், 1863இல் தோன்றிய கத்தோலிக்கரின் புனித மரியன்னை கல்லூரியும் கட்டணம் செலுத்துவோருக்கானவை. தொடக்கப் பள்ளி மாணவருள் ஆண்டுக்கு ஒரு சிலர் மட்டும் போட்டித் தேர்வின் வழி இலவச இடம் பெற்றனர். அவர்களிலும் மிகச் சிலர் 'தீவு உதவித்தொகை' பெற்றுப் பிரித்தானியப் பல்கலைக்கழகங்களுக்குச் சென்றனர். தொடக்கப் பள்ளிக்குப் பொதுப்பணத்தில் கிட்டிய தொகையையும், உயர்மட்டச் சிலரின் மேற்படிப்புக்குச் செலவிட்ட தொகையையும் ஒப்பிட்டால், அரசு நிதி அகன்ற அடித்தளத்தையும் ஊசிமுனை போன்ற உச்சியையும் மட்டுமே தாங்கியது எனலாம். இடையில் ஏணி இல்லை.

அவ்வூசிமுனை வழியே வெளிவந்தவருள் இருவர் குறிப்பிடத்தக்கவர். சி.எல்.ஆர். ஜேம்ஸ் இலவச இடம் பெற்று குவீன்ஸ் ராயல் கல்லூரியில் பயின்று, வரலாற்றறிஞராகவும் எழுத்தாளராகவும் புகழ்பெற்றார். 1911இல் பிறந்த எரிக் வில்லியம்ஸ் அதே பள்ளியில் பயின்று, தீவு உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டு சென்று, 1938இல் முனைவர் பட்டம் பெற்றார். முதலாளித்துவத்துக்கும் அடிமைமுறைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த அவரது நூல் 1944இல் வெளிவந்தது. பிரித்தானிய மேற்கிந்தியத் தீவுகளின் கல்வியைப் பற்றியும் அவர் தனிநூல் எழுதினார். ஓர் இலவச இடம் ஒரு வாழ்க்கையை எப்படி மாற்றும் என்பதைத் தம் அனுபவத்தால் அறிந்த ஒருவர் பின்னாளில் நாட்டின் முதல் பிரதமரானது கல்விச் செலவின் போக்கைத் தீர்மானித்த நிகழ்வுகளுள் ஒன்று.

இந்துப் பள்ளிகளும் அரசியலும்

1946இல் அனைவருக்கும் வாக்குரிமை கிட்டிய பின் இந்திய வாக்காளரின் வலிமை கூடியது. கிறித்தவரல்லாதாரின் பள்ளிகளுக்கும் அரசு உதவி வேண்டும் என்ற கோரிக்கை வலுப்பெற்றது. 1940களின் இறுதியில் முதலில் ஒரு முஸ்லிம் பள்ளி அரசு உதவி பெற்றது. 1952இல் இரு சனாதன தரும அமைப்புகள் பாதேஸ் சாகன் மராஜின் முயற்சியால் ஒன்றிணைந்து மகாசபை உருவாயிற்று. நான்கைந்து ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ முப்பது பள்ளிகளை அச்சபை எழுப்பியது. ஊர் மக்கள் மரமும் உழைப்பும் தந்து விரைந்து கட்டிய அக்கொட்டகைகளை எதிர்த்தரப்பினர் 'மாட்டுக்கொட்டில்' என்று எள்ளினர். அந்த எள்ளலை இந்தியர் இன்றும் மறக்கவில்லை. கட்டடத்தின் தரத்தைப் பற்றிய சொல் எனினும், கேட்டவர்க்கு அது தம் இனத்தைப் பற்றிய சொல்லாகவே பட்டது.

1956இல் மக்கள் தேசிய இயக்கம் வெற்றிபெற்று எரிக் வில்லியம்ஸ் ஆட்சிப் பொறுப்பேற்றார். பல இனமும் பல சமயமும் கொண்ட நாட்டுக்குப் பொதுப்பள்ளிகளே ஒற்றுமை தரும் என்பது அவரது எண்ணம். நூறாண்டுக்கு முன் ஹாரிஸ் பிரபு எண்ணியதும் இதுவே. 1959இல் மாரிஸ் தலைமையிலான குழுவின் அறிக்கையும் அரசின் கட்டுப்பாட்டை வலியுறுத்தியது. கத்தோலிக்கத் திருச்சபை கடுமையாக எதிர்த்தது; ஏனைய சமய அமைப்புகளும் தம் பள்ளிகளை விட்டுக்கொடுக்க இசையவில்லை. பள்ளிகளில் பெரும்பாலானவை அவர்களிடம் இருந்தன. அவற்றை விலைக்கு வாங்கவோ, அவற்றுக்கு ஈடாகப் புதியன கட்டவோ அரசிடம் பணம் இல்லை.

1960 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட உடன்படிக்கை இந்த நெருக்கடியிலிருந்து பிறந்தது. அதன் சாரம் வருமாறு: பள்ளிகளின் உடைமையும் நிருவாகமும் சமய அமைப்புகளிடமே இருக்கும், ஆசிரியரை அரசு நியமிக்கும், ஆனால் சமய, ஒழுக்கக் காரணங்களால் ஒருவரை மறுக்கும் உரிமை சமய அமைப்புக்கு உண்டு, அவ்வமைப்பு ஏற்காத நூலைப் பள்ளியில் புகுத்த இயலாது. இடைநிலைப் பள்ளிகளில் கட்டணம் நீங்கும். 80 விழுக்காட்டு இடங்கள் பொது நுழைவுத் தேர்வின் அடிப்படையில் நிரப்பப்படும். எஞ்சிய 20 விழுக்காட்டைத் தலைமையாசிரியர் தம் விருப்பப்படி நிரப்பலாம். ஆசிரியர் ஊதியம் அரசைச் சார்ந்தது.

இவ்வுடன்படிக்கை ஒரே வேளையில் இருவேறு பணிகளைச் செய்தது. கட்டணத்தை நீக்கியதால் கரும்புத் தோட்டத் தொழிலாளியின் மகளுக்கும் துறைமுகத் தொழிலாளியின் மகனுக்கும் இடைநிலைப் பள்ளி எட்டியது. மறுபுறம், பொதுப்பணத்தில் இயங்கும் தனியுடைமைப் பள்ளி என்னும் 1870ஆம் ஆண்டு ஏற்பாட்டைச் சுதந்திர நாட்டின் அடித்தளமாகவும் ஆக்கிற்று. 1961இல் முதல் பொது நுழைவுத் தேர்வு நடந்தது. 1962 ஆகஸ்டு 31இல் நாடு விடுதலை பெற்றது. அதற்கு முந்திய நாள் மாணவரிடையே பேசிய வில்லியம்ஸ், நாட்டின் எதிர்காலம் அவர்களுடைய புத்தகப் பைகளில் இருப்பதாகக் கூறியது இன்றும் அந்நாட்டார் நினைவுகூரும் செய்தி.

எண்ணெய்ப் பணமும் அதன் ஏற்றத்தாழ்வும்

விடுதலைக்குப்பின் கல்விச் செலவின் வரலாறு எண்ணெய் விலையின் வரலாற்றோடு பிணைந்தது. 1968இல் வகுக்கப்பட்ட பதினைந்தாண்டுத் திட்டம் உலக வங்கியின் கடனோடு தொடங்கியது. 1972 முதல் இளநிலை இடைநிலைப் பள்ளிகள் திறக்கப்பட்டன. இடம் போதாமையால் ஒரே கட்டடத்தில் காலையில் ஒரு பிரிவினரும் பிற்பகலில் மற்றொரு பிரிவினரும் பயின்றனர். 1973இன் இறுதியில் உலகச் சந்தையில் எண்ணெய் விலை பன்மடங்கு உயர்ந்தது. தீவின் கருவூலம் நிறைந்தது. புதிய முழுநிலைப் பள்ளிகளும் தொழிற்பயிற்சிக் கூடங்களும் எழுந்தன.

அரசு கட்டிய இப்புதிய பள்ளிகள் எண்ணிக்கையில் பல. மதிப்பிலோ சமய அமைப்புகளின் பழைய பள்ளிகளே முன்னின்றன. நுழைவுத் தேர்வில் உயர்ந்த மதிப்பெண் பெற்றோர் அப்பழைய பள்ளிகளையே முதல் விருப்பமாகக் குறித்தனர். எஞ்சியோர் புதிய பள்ளிகளுக்குச் சென்றனர். பதினொரு வயதில் எழுதும் ஒரு தேர்வு பிள்ளையின் வாழ்க்கைப் பாதையையே பிரித்தது. இருவகைப் பள்ளிகளிலும் ஆசிரியர் ஊதியத்தை ஒரே கருவூலம் கொடுத்தது. விளைவில் தோன்றிய வேறுபாடு பணத்தால் விளைந்ததன்று. மாணவரைத் தெரிந்தெடுக்கும் முறையால் விளைந்தது.

1980களில் எண்ணெய் விலை சரிந்தது. 1980களின் இறுதியில் பன்னாட்டு நாணய நிதியத்தின் உதவியை நாடவேண்டிய நிலை ஏற்பட்டது. 1989இல் அரசு ஊழியரின் ஊதியம் பத்து விழுக்காடு குறைக்கப்பட்டது. ஆசிரியரும் அதற்கு விலக்கல்லர். கல்விச் செலவில் மிகப் பெரும் பங்கு ஊதியமாகவே செல்லும் நாட்டில், வருவாய் குறைந்தால் முதலில் நிற்பவை கட்டடமும் பழுதுபார்ப்பும் நூல்களும்தாம். அடுத்து ஆசிரியரின் வாழ்க்கைத் தரம். சிறு தீவு நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான இடர் இது. ஒரே ஒரு ஏற்றுமதிப் பண்டத்தின் விலையை நம்பி நீண்டகாலக் கடமைகளை மேற்கொள்ளும்போது, பள்ளிக்குத் தேவையான தொடர்ச்சி சந்தையின் அலைவுக்கு உட்பட்டுவிடுகிறது.

இயற்கை எரிவாயு ஏற்றுமதி 1999இல் தொடங்கியபின் மீண்டும் வளம் வந்தது. பாஸ்தேவ் பாண்டே தலைமையிலான அரசு 2000இல், தேர்வெழுதிய எல்லாப் பிள்ளைகளுக்கும் இடைநிலைப் பள்ளியில் இடம் உறுதிசெய்தது. அப்போது கல்வியமைச்சராக இருந்தவர் கம்லா பெர்சாத்-பிசேசர். பிரெஸ்பிட்டேரியன் திருச்சபையின் இயெரே உயர்நிலைப் பள்ளியில் பயின்றவர். 2010இல் நாட்டின் முதல் பெண் பிரதமரானவர். 2001இல் பல்கலைக்கழகக் கட்டணத்தில் பாதியை ஏற்கும் திட்டம் தொடங்கியது. பின்னர் முழுக் கட்டணத்தையும் அரசே ஏற்றது. விலைச்சரிவு மீண்டும் வந்தபோது, 2017இல் குடும்ப வருமானத்தைக் கணக்கிட்டு அச்சலுகை வரையறுக்கப்பட்டது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் பள்ளிக்கு வெளியே நின்ற மக்களின் வழித்தோன்றல்கள் பல்கலைக்கழகம் வரை பொதுப்பணத்தில் செல்ல முடிந்தது அந்நாட்டின் பெருமைக்குரிய சாதனை என்பதை மறுக்க இயலாது.

உதவி பெறாத மொழி

இவ்வரலாற்றில் தமிழ் எங்கே நிற்கிறது? போர்ட் ஆஃப் ஸ்பெயினின் செயின்ட் ஜேம்ஸ் பகுதியில் இந்திய ஊர்களின் பெயர் தாங்கிய தெருக்களிடையே மதராஸ் தெருவும் உண்டு. குடும்பப் பெயர்கள் சிலவற்றில் 'சாமி' என்னும் ஈறு நிலைத்திருக்கிறது. காளி வழிபாட்டில் தென்னாட்டுச் சடங்குகளும் தப்பு முழக்கமும் தொடர்கின்றன. பேச்சுமொழியாகத் தமிழ் இல்லை.

இதற்குத் தமிழரின் குறைந்த எண்ணிக்கை முதற்காரணம். தோட்டங்களில் பல மொழியினர் கலந்து வாழ்ந்தபோது போச்புரி சார்ந்த இந்துஸ்தானியே இந்தியரின் பொதுமொழியாயிற்று. சமயப் பணியாளரும் அதையே கற்றனர். ஆயினும் எண்ணிக்கை மட்டுமே முழு விளக்கமன்று. அரசு உதவியின் அலகு எதுவாக அமைந்தது என்பதையும் கருதவேண்டும். 1870 முதல் டிரினிடாடில் உதவி பெறத் தகுதியுடையது சமய அமைப்பு. மொழிச் சமூகம் அன்று. கத்தோலிக்கர், ஆங்கிலிக்கர், பிரெஸ்பிட்டேரியன், பின்னர் முஸ்லிம், இந்து என்ற வரிசையில் ஒவ்வொரு சமயமும் தனக்கென அமைப்பை உருவாக்கிக் கருவூலத்தை அணுகியது. தமிழர் இந்துக்களுள் ஒரு சிறு பிரிவினர். பலியோடு கூடிய அவர்களது வழிபாடு சனாதன அமைப்பின் மையப் போக்குக்கு வெளியே நின்றது. எனவே சமயத்தின் பெயரால் வந்த உதவியும் அவர்களது மரபைத் தொடவில்லை.

மலாயாவோடு ஒப்பிட்டால் இக்கருத்து தெளிவுறும். அங்கே தொழிலாளர் சட்டம், குறிப்பிட்ட எண்ணிக்கையில் பிள்ளைகள் உள்ள தோட்டங்கள் பள்ளி நடத்தவேண்டும் என்று விதித்தது. தொழிலாளரின் தாய்மொழியே அப்பள்ளிகளின் மொழியாயிற்று. வசதிகள் மிகக் குறைந்த பள்ளிகள்தாம். படிப்பும் சில வகுப்புகளோடு முடிந்தது. ஆயினும் 'தமிழ்ப் பள்ளி' என்னும் நிறுவனம் பிறந்தது. இன்றும் மலேசியாவில் ஐந்நூறுக்கு மேற்பட்டவை இயங்குகின்றன. அங்கே தமிழர் இந்தியருள் பெரும்பான்மையர் என்பது உண்மை. அப்பெரும்பான்மை நிறுவன வடிவம் பெறச் சட்டமும் பணமும் துணைநின்றன என்பதும் உண்மை.

இங்கு ஒரு மறுப்பையும் எதிர்கொள்ள வேண்டும். கனடாப் பணிப் பள்ளிகளிலும் பின்னர் மகாசபைப் பள்ளிகளிலும் இந்தி கற்பிக்கப்பட்டது. அப்படியிருந்தும் டிரினிடாடு இந்தியரின் வீட்டுமொழியாக போச்புரி நிலைக்கவில்லை. ஆங்கிலமும் அதன் தீவு வழக்கும் அவ்விடத்தைப் பிடித்தன. அரசுப் பணம் கிடைத்திருந்தால் தமிழ் வாழ்ந்திருக்கும் என்று எளிதாக முடிவுகட்ட இதனால் இயலாது. ஆனால் இந்த மறுப்பே மேற்கூறிய கருத்தை ஒரு வகையில் உறுதிப்படுத்துகிறது. அரசு எதை அலகாகக் கொண்டு பணம் கொடுத்ததோ அது நிலைத்தது. சமய அமைப்புகள் வலிமையோடு நிலைத்தன. இந்து, முஸ்லிம், பிரெஸ்பிட்டேரியன் பள்ளிகள் இன்றும் நாட்டின் தலைசிறந்த பள்ளிகளுள் உள்ளன. மொழிகள், போச்புரியாயினும் தமிழாயினும், அந்த ஏற்பாட்டில் ஒரு பாடமாகவோ பாடமாகக்கூட இல்லாமலோ நின்றன. வேற்றுமை என்னவெனில், இந்திக்குப் பாடநூலும் ஆசிரியரும் எஞ்சியதால் விரும்புவோர் மீளக் கற்க ஒரு வழி உண்டு. தமிழுக்கு அவ்வழியும் இல்லை.

முடிவுரை

டிரினிடாடின் கல்விச் செலவு வரலாறு மூன்று முடிவுகளைத் தருகிறது. முதலாவது, 1845 முதல் கால் நூற்றாண்டுக் காலம் பொதுப்பணம் கூலிகளைக் கொண்டுவரச் செலவாயிற்றேயன்றி அவர்தம் பிள்ளைகளைக் கற்பிக்கச் செலவாகவில்லை. அவ்விடைவெளியின் தழும்பு ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் எழுத்தறிவுக் கணக்கில் தெரிந்தது. இரண்டாவது, பணமில்லாத அரசு சமய அமைப்புகளின் துணையை நாடியபோது ஏற்பட்ட ஏற்பாடு, பணம் வந்த பின்னும் மாறவில்லை. தொடக்கத்தில் வகுத்த வாய்க்கால் வழியேதான் பின்னாளில் வந்த எண்ணெய் வளமும் பாய்ந்தது. மூன்றாவது, அந்த வாய்க்கால் சமயத்தின் வரப்பு வழியே வெட்டப்பட்டதால் மொழியின் வயலுக்கு நீர் செல்லவில்லை.

புலம்பெயர் தமிழரின் மொழி இழப்பைப் பற்றிப் பேசும்போது பெற்றோரின் அக்கறையின்மையையே காரணமாகக் காட்டுவது மரபாக இருந்து வருகிறது. டிரினிடாடின் சான்று அக்கருத்தை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகிறது. தம் தெய்வத்தைத் தம் செலவிலேயே நூற்றைம்பது ஆண்டுகள் காத்த மக்களை அக்கறையற்றோர் எனக் கூற இயலாது. கோயிலை ஒரு சிற்றூரின் உழைப்பு தாங்கும். மொழிக்குப் பள்ளி வேண்டும். பள்ளிக்கு ஆண்டுதோறும் தவறாத ஊதியப் பட்டியல் வேண்டும். அப்பட்டியலில் இடம்பெறும் உரிமை எந்த அலகுக்கு வழங்கப்படுகிறது என்பதை ஒவ்வொரு புலம்பெயர் நாட்டிலும் ஆவணங்களின் துணையோடு ஆராய்தல் தமிழியல் ஆய்வின் கடமைகளுள் ஒன்றாகும்.